ஒரு கசெற், நான்கு பட்டியல்

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை விளக்கேற்றி முடிந்தபின் என் தாயார் மண்டபத்துச் சாய்வுநாற்காலியில் அமர்ந்து, கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு அருகிற் பிடித்தபடி நெடுநேரம் அசையாதிருந்தார். எண்பத்திரண்டு வயதில் அவருக்கும் அக்கருவிக்கும் உள்ள உறவு மிகச் சுருக்கமானது. ரொறன்ரோவில் இருக்கும் என் தமையனார் அழைத்தாற் பச்சைப் பொத்தானைத் தொடுவார். மற்றைப் பொழுதில், ஒரே ஒரு பாட்டுப் பட்டியலைத் தொட்டு மண்டபத்து ஒலிபெருக்கியிற் பாட்டுக் கேட்பார். அவ்வளவே. அன்று அவர் என்னை அழைத்த குரலிற் சற்றே கலக்கம் இருந்தது.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வா. கொழும்புக் கசெற் நாலு கிடக்கு. எதை அமத்துறது?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். திரையிலே 'கொழும்புக் கசெற்' என்ற பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு முறை நின்றது. எழுத்தில் வேற்றுமை இல்லை. எண்ணிக்கையிலும் வேற்றுமை இல்லை; ஒவ்வொன்றிலும் 26 பாடல்கள்.

இப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரத்தையும் மின்னடுப்பையும் பற்றி எழுதிவந்த யான், இவ்வாரம் பாட்டுப் பட்டியலைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் அந்த நான்கு வரிகளே. இன்று திருகோணமலையிலே, எங்கள் அன்புவழிபுரத்திற்கூட, சிறு கணினி ஒன்றும் வன்தட்டு ஒன்றும் வைத்து வீட்டிலுள்ள பழைய பாடல்களையெல்லாம் ஒன்றுசேர்த்திருக்கும் குடும்பங்கள் சில உண்டு. வீட்டு வைபை வழியாக எந்தத் தொலைபேசியிலிருந்தும் அவற்றைக் கேட்கலாம். வசதி பெரிது. அவ்வீடுகளில் இந்த இரட்டைப் பட்டியல் நோய் என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். வந்தபோது நாங்கள் செய்த பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலிற் கசெற்றின் கதை. என் தந்தையார் கொழும்பிலே எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், கசெற் இயந்திரங்கள் நாட்டினுள் வந்து குவிந்தன. அவற்றோடு 'ரெக்கோடிங் பார்' என்று சனங்கள் அழைத்த ஒலிப்பதிவுக் கடைகளும் பெருகின. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாற் கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவ்வரிசையிலேயே கசெற்றிற் பதிந்து தருவார். இன்று பட்டியல் என்று நாம் சொல்வது வேறொன்றுமில்லை, அந்தத் தாள்தான். தந்தையார் 1979 ஆம் ஆண்டில் அவ்வாறு எழுதிக் கொடுத்துப் பதிந்த கசெற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரவுத் தபால் வண்டியில் ஊருக்கு வந்தார். தாயாருக்கு அது கொழும்பிலிருந்து வந்த கசெற். ஆகவே கொழும்புக் கசெற்.

அது 90 நிமிடக் கசெற். பக்கத்துக்கு 45 நிமிடம். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிடமே கொள்ளும். அந்த அளவுக்கு அமையப் பாட்டமைத்துப் பழகிய பழக்கம், தட்டு மாறிய பின்னும் சினிமாப் பாட்டை விட்டுப் பல காலம் நீங்கவில்லை. எனவே பக்கத்துக்குப் பதின்மூன்று பாட்டு என்று தந்தையார் கணக்கிட்டார். கணக்கு முதற்பக்கத்திற் சரியாயிற்று. இரண்டாம் பக்கத்திலே பன்னிரண்டு பாட்டு முடிந்தபோது நாடாவில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான இடமே எஞ்சியிருந்தது. கடைக்காரர் நாடா உள்ளவரை பதிந்துவிட்டார். இருபத்தாறாவது பாட்டு, பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்குமிடத்திலே, ஒரு சொல்லின் நடுவில் அறுந்துவிடும். எங்கள் வீட்டிற் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் அப்பாட்டு அவ்வளவுதான். முழுப்பாட்டை முதன்முறையாக வானொலியிற் கேட்டபோது, "இதென்ன, இன்னும் முடியேல்ல?" என்று என் தங்கை கேட்டாள்.

1990 இல் இடம்பெயர்ந்தபோது அது எங்களோடு வந்தது. திரும்பியபோதும் வந்தது. கடற்காற்றின் ஈரத்தில் நாடாவிலே பூஞ்சணம் படர்ந்திருந்தது. தந்தையார் 2003 இற் காலமானார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அவருடைய திவசத்துக்கு முதல்நாள் மாலை தாயார் அந்தக் கசெற்றை முதலிலிருந்து கடைசி வரை கேட்பார். 2011 ஆம் ஆண்டில் யான் அதைக் கணினியிற் பதிந்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட பதிவுகள். பின்னர் அவற்றை 26 துண்டுகளாக வெட்டினேன். மறுமுறை ஓடவிட்டுச் சரிபார்க்க முனைந்தபோது நாடா அறுந்தது, ஒட்டவும் முடியாதவாறு. கணினியில் இடம் போதாதென்று அந்த நீண்ட பதிவுகள் இரண்டையும் யானே அழித்தேன். இதை எழுதும்போதும் வியர்க்கிறது. துண்டுகளுக்குப் பாட்டின் முதற் சொற்களைப் பெயராக இட்டேனேயன்றி 1, 2, 3 என எண் இடவில்லை. ஆக, தந்தையார் அமைத்த வரிசை உலகில் ஓரிடத்திலேயே எஞ்சியது: யான் எழுதிய பட்டியற் கோப்பில்.

பட்டியற் கோப்பு என்பது யாது? மாணவ நேயர்கள் இதைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். அதனுள்ளே பாட்டு இல்லை. கல்யாண வீட்டாரின் அழைப்புப் பட்டியலில் விருந்தினர் இருப்பதில்லை அல்லவா? பெயரும் முகவரியுமே இருக்கும். அதுபோலவே இதுவும். பெரும்பாலான பட்டியல்கள் எம்3யூ என்ற வகையின. வெறும் எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு பாட்டாக, அப்பாட்டு வன்தட்டில் எந்த உறையில் எந்தப் பெயரோடு கிடக்கிறதென்ற முகவரி எழுதப்பட்டிருக்கும். அம்முகவரிக்கு மேலே, விரும்பினால், குறிப்பு வரி ஒன்றும் இருக்கும்: பாட்டு எத்தனை வினாடி நீளமானது, பாடியவர் யார், பாட்டின் பெயர் யாது என்பன அதில் வரும். பட்டியலை அழித்தாற் பாட்டு அழியாது. பாட்டை இடம் மாற்றினாற் பட்டியல் வழிதவறும். அந்த வினாடிக் கணக்கை வாசகர்கள் மறவாதிருக்கட்டும். பின்னர் அதுவே எங்களைக் கரை சேர்த்தது.

நிற்க. மறுநாட் காலை என் மருமகன் வந்தான். தங்கையின் மகன், உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயில்பவன், கைவேகம் மிகுந்தவன். நான்கு பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். இரண்டில் எல்லாப் பாடல்களும் சாம்பல் நிறமாக மங்கியிருந்தன, தொட்டாற் பாடவில்லை. மற்றை இரண்டும் பாடின. அவ்விரண்டில் ஒன்று குழம்பிய வரிசையிலும் மற்றது அழகாக அகர வரிசையிலும் இருந்தது.

"மாமா, மூண்டை அழிச்சாச் சரி. இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

யான் கிணற்றடியில் இருந்தேன். சரியென்றேன். மங்கிய இரண்டையும் அழித்தான். குழம்பிய வரிசையையும் அழித்தான். அழிக்குமுன் மென்பொருள், 'கோப்பையும் தட்டிலிருந்து நீக்கவா?' என்று கேட்டதாம். ஆம் என்று அடையாளமிட்டானாம். அடுத்து, ஒரே பெயருள்ள பாடல்களைத் தேடி ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்கும் கருவி ஒன்றையும் ஓட்ட ஆயத்தஞ் செய்தான். மதிய உணவுக்கு அழைத்ததால் அது நிகழவில்லை. அம்மட்டில் எங்களைக் காத்தது அன்றைய மீன்குழம்பு.

மாலையிலே தாயார் எஞ்சியிருந்த ஒரே 'கொழும்புக் கசெற்'றைத் தொட்டார். முதற்பாட்டு ஒலித்தது. அவர் முகத்தில் ஏதோ மாறியது, எனினும் பேசவில்லை. பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுத் தொடங்குமுன் அவர் வாய் ஒரு மெட்டை முணுமுணுக்கத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் வந்ததோ வேறொன்று. கசெற்றோடு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு பாட்டின் ஈற்றசையும் அடுத்ததன் முதலசையும் ஒன்றாகவே நினைவில் ஒட்டிக்கிடக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள மௌனத்தின் நீளமும்கூட.

"இது அப்பா எழுதினது இல்ல," என்றார். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

திவசத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

அன்றிரவு மருமகனும் யானும் கணினியின் முன் அமர்ந்தோம். ஒரு பட்டியல் நான்கானது எப்படி என்று அறியாமல், இழந்ததைத் தேடுவது வீண். ஆராய்ந்ததிற் கிடைத்தது இது: இரண்டு வெவ்வேறு காரணங்கள், ஒன்றையொன்று பெருக்கியிருந்தன. இரண்டு இரண்டு நான்கு.

முதற் காரணம் மின்வெட்டு. அவ்வாரத்து வியாழக்கிழமை இடிமழையில் மின்சாரம் இரு முறை அற்றது. நம் நாட்டில் இது புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுதும் இருண்டபோது, குரங்கொன்று உபமின் நிலையத்தினுட் புகுந்ததே காரணமெனக் கூறப்பட்டது. மனிதருக்கு மெழுகுதிரி போதும். கணினிக்குப் போதாது. வெளி வன்தட்டு ஒன்றைக் கணினியிற் பொருத்தியதும், அது தட்டின் பெயரால் ஒரு வாசலைத் திறக்கிறது. எங்கள் தட்டின் பெயர் 'பாட்டுப்பெட்டி'. வாசலின் பெயரும் அதுவே. முறையாக அணைத்தால் வாசலும் அகற்றப்படும். திடீரென மின்சாரம் அற்றால், வெறும் வாசல் அப்படியே நின்றுவிடுவதுண்டு. மறுபடி உயிர்பெறும் கணினி, "பாட்டுப்பெட்டி என்றொரு வாசல் ஏற்கெனவே இருக்கிறதே" என்று எண்ணி, 'பாட்டுப்பெட்டி1' என்று வேறொரு வாசலைத் திறக்கிறது. தட்டு ஒன்றே, பாட்டு ஒன்றே. முகவரி மாத்திரம் மாறிவிட்டது. இசைநூலக மென்பொருளோ பட்டியல்களை அவற்றின் முழு முகவரியைக் கொண்டே அடையாளங் காண்கிறது. புது வாசலிற் கண்ட பட்டியலைப் புதியதென்று பதிந்தது. பழைய வாசலுக்குரியதை மறக்கவும் இல்லை. பழையது பாடல்களைக் காணாது மங்கி நின்றது. ஆகையால் மங்கிய பட்டியல்கள் பேய். அவற்றை அழித்ததிற் பிழையில்லை. வாசலைத் திருத்தினால் அழிக்காமலே அவை உயிர்பெற்றிருக்கும் என்பது வேறு விஷயம்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு தட்டுக்கும் பெயரன்றித் தனித்த அடையாள எண் ஒன்று உண்டு. 'இந்த எண்ணுள்ள தட்டு வந்தால் எப்போதும் இந்த வாசலிலேயே ஏற்று' என்று கணினியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டாற் போதும். விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு வாசலுக்குப் பதிலாக ஈ, எப் என்ற எழுத்துகள் மாறும். அங்கும் வட்டு முகாமைப் பகுதியில் நிலையான எழுத்தொன்றைக் கொடுக்கலாம். எங்கள் பட்டியலில் முகவரிகள் சார்புமுறையில், அதாவது 'என் பக்கத்து உறையில் இன்ன பெயர்' என்ற வகையில் எழுதப்பட்டிருந்தமையாலேதான் புது வாசலிலும் அது பாடியது. 'இன்ன வாசல், இன்ன உறை' என்று தலையிலிருந்து முழு முகவரி எழுதியிருந்தால் நான்கும் மங்கியிருக்கும்.

இரண்டாங் காரணம் எனக்கு வியப்பூட்டியது. எங்கள் வீட்டுக்கும் தமையனார் வீட்டுக்கும் இடையே 2021 முதல் ஒரு பொது உறை உண்டு; இங்கே வைத்தது அங்கே தோன்றும், அங்கே வைத்தது இங்கே. தமையனார் அந்தச் செவ்வாய்க்கிழமை, திவசத்தை முன்னிட்டுத் தாமும் கேட்கவேண்டிப் பட்டியலைத் தம் கணினியில் திறந்திருக்கிறார். அறுந்த கடைசிப் பாட்டைக் கண்டு, 'பாவம், அம்மாவுக்கு முழுப்பாட்டு இல்லையே' என்று, முழுப் பிரதி ஒன்றைத் தேடி அதனிடத்திற் சேர்த்திருக்கிறார். பாட்டின் பெயர் என்ற நிரலைத் தொட்டு அகர வரிசையாக்கிப் பார்த்திருக்கிறார். திரையில் இருந்த வரிசையிலேயே அது சேமிக்கப்பட்டுவிட்டது. அவர் பிள்ளையன்பிற் செய்தது. பெயரை மாற்றவில்லை, 'கொழும்புக் கசெற்' என்றே சேமித்தார். அப்படியாயின் அது பழைய கோப்பின் மேலல்லவா எழுதப்பட்டிருக்கவேண்டும்? ஒரே உறையில் ஒரே பெயருடைய இரு கோப்புகள் இருத்தல் இயலாதே!

இயன்றது. காரணம் 'கொ' என்ற எழுத்து.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். யுனிக்கோட் முறையிலே க என்பதற்கு எண் 2965. அதனோடு சேரும் ஒகரக் குறியை இரு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே எண்ணாக எழுதுவது ஒரு விதம். நாம் தாளில் எழுதுவதுபோல ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே, 3014, 3006 என்று இரண்டு எண்களாக எழுதுவது மற்ற விதம். திரையில் இரண்டும் 'கொ' என்றே தோன்றும். வேற்றுமை காணக் கழுகின் கண்ணும் உதவாது. கொழும்பு என்ற சொல் முதல் விதத்தில் 8 எண்கள். இரண்டாம் விதத்தில் 9. சில கணினிகளின் கோப்பு முறைகள் பெயர்களைச் சேர்த்தே வைக்கும். சில பிரித்து வைக்கும். இரண்டும் சமமென்று யுனிக்கோட் விதியே கூறுகிறது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே விதத்துக்குக் கொணரும் இயல்பாக்க முறையும் வகுத்திருக்கிறது. எனினும் எல்லா மென்பொருள்களும் அவ்விதியை மதிப்பதில்லை. எங்கள் பொது உறைக்கு அவை வெவ்வேறு பெயர்கள். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எவற்றிலும் இது நிகழலாம். ஆங்கிலத்தில் மட்டும் பெயரிட்டு வாழ்பவர்களுக்கு இத்தொல்லை பெரும்பாலும் தெரியாது.

ஒரு கிளைச்செய்தி. ஔகாரத்தில் இதனினும் பெரிய வழுக்கல் உண்டு. ரி. எம். சௌந்தரராஜன் (1922–2013) அவர்களின் பெயரை எங்கள் நூலகத்தில் தேடினேன். ஒரே பாடகர் மூவராகப் பிரிந்து நின்றார். சரியான ஔகாரக் குறியோடு ஒருவர். 'செ' எழுதி அதன்பின் 'ள' என்னும் மெய்யான எழுத்தையே தட்டிய 'செளந்தரராஜன்' ஒருவர். 'சவுந்தரராஜன்' என்று வகரம் பெற்றவர் ஒருவர். முன்னிரண்டும் கண்ணுக்கு ஒன்றே. இயல்பாக்க முறை இங்கு உதவாது. ஏனெனில் ள என்பது வேறெழுத்து, எழுதியவரின் பிழை. கையாலேதான் திருத்தவேண்டும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரு பிறப்பு உண்டு: ஸகரத்தை அடியாகக் கொண்டது பழையது, 2005 இல் யுனிக்கோட்டில் 'ஶ' சேர்க்கப்பட்டபின் அதனை அடியாகக் கொண்டது மற்றது. பக்திப் பாடல்கள் நிறைய வைத்திருக்கும் வீட்டார் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுத்துக் குறியீட்டின் இந்தக் குழப்பம் இல்லாதிருந்தால், தமையனாரின் பட்டியல் செவ்வாய்க்கிழமையன்றே தந்தையாருடையதன் மேல் எழுதப்பட்டு, யாரும் அறியாமல் வரிசை அழிந்திருக்கும். இரட்டையை உண்டாக்கிய கள்வனே பொருளைக் காத்தும் வைத்தான். மூன்று நாள் காத்தான். நான்காம் நாள் எங்கள் வீட்டுக் கையே அழித்தது.

பிற வீடுகளில் நேர்வனவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டு உறைக்குள்ளேயே மறுபிரதி உறையை வைத்தால், நூலகம் அதையும் வாசித்து ஒவ்வொன்றையும் இரண்டாக்கும். மறுபிரதி வேறிடத்தில் இருக்கவேண்டும். ஒரே பட்டியலை எம்3யூ என்றும் எம்3யூ8 என்றும் இரு வகையிற் சேமித்திருந்தாலும் இரண்டாகும். இரு தொலைபேசிகளில் ஒரே வேளையில் திருத்தினால், ஒத்திசைவு மென்பொருள் சண்டையைத் தீர்க்க மாட்டாது இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

இனி, இழந்த வரிசை. பொது உறையிலே தேடினோம். இங்கே அழித்தது ரொறன்ரோவிலும் அழிந்திருந்தது. இரு வீட்டில் இருப்பதாற் பத்திரமென்று நாங்கள் எண்ணியிருந்தோம். கண்ணாடியில் தெரியும் உருவத்தை மறுபிரதி என்று எண்ணியதற்கு ஒப்பானது அது. பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. யாம் அதை இயக்கியிருக்கவில்லை. பாட்டுக் கோப்புகளின் திகதியைக் கொண்டு வெட்டிய வரிசையை அறியலாமோ என்று பார்த்தேன். வன்தட்டு மாற்றிய நாளின் திகதியே எல்லாவற்றிலும் இருந்தது.

அலுமாரியின் அடித்தட்டில் 2011 ஆம் ஆண்டுப் பென்ட்ரைவ் ஒன்று கிடந்தது. அதிலே ஒரு பட்டியற் கோப்பு. மருமகன் துள்ளினான். திறந்தோம். வரிதோறும் கேள்விக்குறிகள்.

அப்போது நினைவு வந்தது. முதன்முறை யான் சேமித்தது எட்டு என்ற எண் சேராத எம்3யூ வகை. அக்காலத்து விண்டோஸ் அதனைத் தன் பழைய குறியீட்டிலே எழுதியது. அக்குறியீட்டில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டது. பெயர் போனால் போனதே, எக்கருவியாலும் மீட்கவியலாது. அன்று பிழையைக் கண்டு எம்3யூ8 வகையிற் புதிதாகச் சேமித்தேன். பழுதானதை அழிக்க மறந்தேன்.

யான் பென்ட்ரைவைக் கழற்றப் போனேன். மருமகன் என் கையைப் பிடித்தான்.

"மாமா, நம்பர் இருக்கு."

கேள்விக்குறிகளுக்கு முன்னே குறிப்பு வரிகள் தோறும் வினாடிக் கணக்கு அப்படியே நின்றது. 203. 187. 214. எண்களுக்கு எக்குறியீட்டிலும் இடமுண்டு. இருபத்தாறு எண்கள், தந்தையார் தாளில் எழுதிய அதே வரிசையில்.

அவன் ஒரு கொப்பியைக் கிழித்தான். தட்டிலிருந்த பாடல்களின் நீளங்களை யான் வாசிக்க அவன் ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் எழுதினான். மூன்று பாடல்களில் ஒரு வினாடி வேற்றுமை இருந்தது; அரை வினாடியை ஒரு மென்பொருள் மேலும் மற்றது கீழும் முழுமைப்படுத்துவதால் வருவது. இருபத்துநான்கு ஐயமின்றிப் பொருந்தின. கடைசி எண் 71. தமையனாரின் முழுப்பாட்டு 208 வினாடி. 71 வினாடிக்குரியது எங்கள் அறுந்த துண்டு ஒன்றே. முதல்நாள் மதியம் அந்த ஒரேபெயர்-நீக்கி ஓடியிருந்தால் அத்துண்டு போயிருக்கும். குறுகியதையே அத்தகைய கருவிகள் பழுதென்று கருதும்.

இரண்டு பாடல்கள் எஞ்சின. இரண்டும் 198 வினாடி. இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவதா, ஒன்பதாவதா? யான் தாயாரைக் கேட்போம் என்றேன். மருமகன் பொறு என்றான். சிறிது நேரம் கேள்விக்குறிகளை விரலால் எண்ணினான். பின்னர்தான் விளங்கிற்று: எழுத்துக்கு எழுத்து ஒரு கேள்விக்குறி. குறியீட்டெண் எத்தனையோ அத்தனை. சொற்களுக்கு இடையிலுள்ள வெளியும் வெளியாகவே நின்றது. ஒரு வரியில் இரண்டு சொற்கள், 14 குறிகள். மற்றதில் மூன்று சொற்கள், 17. பாட்டின் பெயர்களை எண்ணிப் பார்த்தோம். அதுவும் தீர்ந்தது. இரண்டாம் பக்கத்தின் நீளங்களைக் கூட்டினேன்: 2,731 வினாடி, அதாவது 45 நிமிடமும் 31 வினாடியும். தொண்ணூறு நிமிடக் கசெற்றுகளிற் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலான நாடா இருப்பது வழக்கம். பக்கம் நிறைந்து வழிந்த இடத்திலேதான் பாட்டு அறுந்திருக்கிறது. கணக்குச் சரி.

எனினும் சோதனை வேறு. ஞாயிறு மாலை, ஒன்றும் சொல்லாமல், பட்டியலை ஓடவிட்டோம். தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதற்பாட்டு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார், பின் குனிந்துகொண்டார். அது முடிந்து, ஒலிபெருக்கி மௌனமாயிருந்த அந்த இரண்டு வினாடியில் அவர் முணுமுணுத்தார். அதே பாட்டு வந்தது. இரண்டாவதன் ஈற்றிலும் அவ்வாறே. மருமகன் கொப்பியில் அடையாளமிட்டுக்கொண்டே வந்தான். பன்னிரண்டு வரை தவறவில்லை. பதின்மூன்றாம் பாட்டு முடிந்தது. தாயார் வாய் திறக்கவில்லை. மருமகன் என்னைக் கலக்கத்தோடு பார்த்தான். யானும் ஒருகணம் திகைத்தேன். தாயாரோ கீரைத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழ முனைந்து, பாதியில் நின்று, தமக்குள் சிரித்துக்கொண்டு திரும்ப அமர்ந்தார்.

அது கசெற்றைத் திருப்பவேண்டிய இடம்.

இப்போது எங்கள் நூலகத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று 'கொழும்புக் கசெற்'. அதன் துண்டுகளுக்கு 01 முதல் 26 வரை எண் இட்டாயிற்று. பிரதி ஒன்று பென்ட்ரைவிலும், ஒன்று மருமகனின் கொப்பியிற் பேனையாலும் இருக்கிறது. மற்றது தமையனாருடையது, அதற்கு 'ரொறன்ரோக் கசெற்' என்று பெயரிட்டோம், இரு வீட்டிலும் ஒரே விசைப்பலகையில் தட்டி. அகர வரிசையும் முழுப்பாட்டும் அவருக்கே இருக்கட்டும் என்றார் தாயார்.

திவசத்துக்கு முதல்நாள் மாலை தமையனார் தொலைபேசியில் அழைத்தார். அங்கே காலை. இருபத்தைந்தாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "போனை அந்த ஸ்பீக்கருக்குக் கிட்ட வை," என்றார். வைத்தேன். இருபத்தாறாவது தொடங்கியது, எழுபத்தோராம் வினாடியில், அந்தச் சொல்லின் நடுவில், அறுந்தது. அங்கிருந்து சற்று நேரம் சத்தம் வரவில்லை.

"அந்தத் துண்டை எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடு," என்றார்.